கதையைக் காப்பாற்ற வருகிறவர்கள்

'அழிந்துகொண்டிருக்கும் வாய்மொழிக் கதைகளைக் காப்பாற்றுவோம்' என்று எங்காவது அறிவிப்பைப் பார்த்தால் எனக்கு முதலில் வருவது ஒரே கேள்விதான். யாரிடமிருந்து?

கதைகள் வயதாகிச் சாவதில்லை. சொல்பவரின் வாயை யாரோ பொத்தியிருக்கிறார்கள். கேட்க வேண்டிய பிள்ளையை யாரோ பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். கதை நடக்கும் ஏரியை யாரோ எழுதி வாங்கியிருக்கிறார்கள். அந்த 'யாரோ'வைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு கிழவர்களைத் தேடிப் போவதற்குக் கலாசாரப் பணி என்று பெயர் வைத்திருக்கிறோம். ஒலிப்பதிவு செய்வதில் எனக்குப் பிரச்சினை இல்லை. பதிவு செய்து சர்வரில் ஏற்றிவிட்டால் வேலை முடிந்தது என்ற நினைப்புதான் பிரச்சினை.

இதை வட அமெரிக்காவின் ஒஜிப்வே மக்களை வைத்துப் பேசலாம். சுப்பீரியர் ஏரியைச் சுற்றி, கனடாவின் ஒண்டாரியோ, மனிடோபாவிலும் அமெரிக்காவின் மிச்சிகன், விஸ்கான்சின், மினசோட்டாவிலும் வாழ்கிறவர்கள். தங்களை அனிஷினாபே என்று சொல்லிக்கொள்கிறார்கள். ஏன் இவர்கள்? ஏனென்றால் இவர்களுடைய கதைகளை ஏறக்குறைய 200 ஆண்டுகளாக ஆள் மாற்றி ஆள் 'காப்பாற்றி' வந்திருக்கிறார்கள். காப்பாற்றியதன் விளைவு என்ன என்று கணக்குப் பார்க்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

தாத்தாவை எம்.பி.3 ஆக்க முடியுமா?

ஒஜிப்வே மொழியில் கதைக்கு ஒரு சொல் போதாது. நடந்ததைச் சொல்வது டிபாஜிமோவின். செய்தி, அனுபவம், குடும்ப வரலாறு எல்லாம் இதில் அடக்கம். எப்போது வேண்டுமானாலும் சொல்லலாம். ஆடிஸோகான் வேறு. உலகம் உண்டான விதம், பெருவெள்ளத்துக்குப் பிறகு ஒரு சின்ன நீரெலி முங்கி எடுத்துவந்த பிடி மண்ணிலிருந்து பூமி மறுபடி உருவான விதம், பாதி மனிதனும் பாதி ஆவியுமான நானபோஷோ செய்த கோமாளித்தனங்களும் அவன் கற்றுக்கொடுத்த பாடங்களும் இந்த வகைக்குள் வரும்.

தமிழ் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு வசதி இருக்கிறது. நம்மிடம் உயர்திணை, அஃறிணை என்று பிரிவு உண்டு. ஒஜிப்வேயிலும் பெயர்ச்சொற்கள் இரண்டாகப் பிரிகின்றன, உயிருள்ளவை, உயிரற்றவை என்று. ஆனால் கோடு நாம் போட்ட இடத்தில் இல்லை. மனிதரும் விலங்கும் மரமும் உயிருள்ளவை. கல்லும் உயிருள்ளது, பனியும் உயிருள்ளது. தண்ணீர் உயிரற்ற பிரிவில் போகும். 'பார்' என்பதற்கே இரண்டு வினைச்சொற்கள்: கல்லைப் பார்க்க ஒன்று, தண்ணீரைப் பார்க்க இன்னொன்று. இலக்கணத்தை அப்படியே தத்துவமாக்கிவிடவும் கூடாது. ராஸ்பெரி உயிருள்ளது, ஸ்ட்ராபெரி உயிரற்றது என்று வரும்போது எந்தத் தத்துவமும் தடுமாறும். ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். டிபாஜிமோவின் உயிரற்ற பெயர். ஆடிஸோகான் உயிருள்ள பெயர்.

அதோடு, ஆடிஸோகான் என்றால் கதை மட்டுமில்லை. கதைக்குள் வரும் அந்த ஆளுக்கும் அதே பெயர்தான். 1930களில் மனிடோபாவின் பெரென்ஸ் ஆற்றங்கரையில் வாழ்ந்த ஒஜிப்வேக்களிடம் ஆய்வு செய்த மானுடவியலாளர் இர்விங் ஹாலோவெல், அங்குள்ளவர்கள் இந்தக் கதைமாந்தர்களைத் 'தாத்தாக்கள்' என்று குறிப்பிடுவதைப் பதிவு செய்திருக்கிறார். அப்படியென்றால் கதை சொல்வது தாத்தாவை வீட்டுக்கு அழைப்பது மாதிரி. அழைக்க நேரம் காலம் உண்டு. பூமியைப் பனி மூடியிருக்கும்போதுதான் ஆடிஸோகான் சொல்ல வேண்டும். கோடையில் அந்த ஆற்றல்கள் விழித்திருக்கும், தங்களைப் பற்றிப் பேசுவது காதில் விழும் என்பார்கள். கேட்க வருகிறவர் வெறுங்கையோடு வரக்கூடாது, புகையிலை கொடுத்துத்தான் கேட்க வேண்டும்.

மூடநம்பிக்கை என்று நம்மில் ஒருவர் சிரிக்கலாம். பொறியாளர் மூளையோடு பார்த்தாலும் அதில் ஒரு கணக்கு தெரியும். வசந்தத்தில் மேப்பிள் மரத்துச் சாற்றைக் காய்ச்சிச் சர்க்கரை எடுக்க வேண்டும். கோடையில் மீன், பழங்கள். கோடை முடியும்போது காட்டரிசி அறுவடை. குளிர்காலத்தில் குடும்பங்கள் வேட்டை முகாம்களுக்குப் பிரிந்து போய்விடும், இரவு நீளமாக இருக்கும், பிள்ளைகள் எங்கும் ஓட முடியாது. வருடத்தின் கல்விப் பருவம் அதுதான். எப்போது, யார், யாருக்கு, எதைக் கொடுத்து என்பதெல்லாம் கதைக்கு வெளியே இருக்கும் சடங்குகள் இல்லை, கதையின் பாகங்கள். எந்நேரமும் எவரும் அழுத்திக் கேட்கலாம் என்று ஒரு பொத்தானை வைத்தவுடனே இந்த பாகங்களெல்லாம் கழன்று விழுந்துவிடும்.

முதல் காப்பாளர்

1822ல் ஹென்றி ரோ ஸ்கூல்கிராஃப்ட் என்பவர் சுப்பீரியர் ஏரிக்கு அருகில் உள்ள சூ செயின்ட் மேரிக்கு அமெரிக்க அரசின் 'இந்தியர்' விவகார முகவராக வந்து சேர்ந்தார். அடுத்த ஆண்டு ஜேன் ஜான்ஸ்டனைத் திருமணம் செய்துகொண்டார். ஜேனின் தாய் ஒஜிப்வே, தாய்வழித் தாத்தா வாபோஜீக் என்ற புகழ்பெற்ற தலைவர். ஜேனே கவிஞர், ஆங்கிலத்திலும் ஒஜிப்வேயிலும் எழுதியவர். அந்தக் குடும்பம்தான் ஸ்கூல்கிராஃப்ட்டுக்கு மொழியையும் கதைகளையும் திறந்துவிட்டது. 1839ல் அவர் 'ஆல்ஜிக் ரிசர்ச்சஸ்' என்ற கதைத் தொகுப்பை வெளியிட்டார். நூலாசிரியர், ஸ்கூல்கிராஃப்ட். ஜேன் எழுதியவை முழுமையாகத் திரட்டப்பட்டு ஒரு புத்தகமாக வந்தது 2007ல், அவர் இறந்து 165 ஆண்டுகள் கழித்து.

கதை இத்தோடு முடிந்திருந்தால், சரி, கணவன் மனைவி விவகாரம் என்று விட்டுவிடலாம். ஆனால் அதே ஸ்கூல்கிராஃப்ட்தான் 1836ல் அரசின் சார்பில் உட்கார்ந்து ஒடாவா, ஒஜிப்வே மக்களுடன் வாஷிங்டன் ஒப்பந்தத்தை முடித்தவர். இன்றைய மிச்சிகன் மாநிலத்தில் 1 கோடியே 30 லட்சம் ஏக்கருக்கு மேல் அதில் கைமாறியது. மூன்று வருட இடைவெளியில் ஒரே மனிதர் நிலத்தை வாங்கிக் கொடுத்துவிட்டுக் கதையைப் புத்தகமாகப் போடுகிறார். அவர் கெட்டவரா நல்லவரா என்று விவாதிப்பதில் எனக்கு ஆர்வமில்லை. ஒரு கையில் ஒப்பந்தமும் இன்னொரு கையில் குறிப்பேடும் எவ்வளவு இயல்பாக இருந்திருக்கின்றன என்பதைப் பாருங்கள்.

அடுத்து வந்தது இலக்கியம். நாம் எல்லாரும் கொண்டாடும் இலக்கியம். ஹென்றி வாட்ஸ்வொர்த் லாங்ஃபெல்லோ ஸ்கூல்கிராஃப்ட்டின் நூல்களிலிருந்து நானபோஷோ கதைகளை எடுத்து, ஃபின்லாந்தின் 'கலேவாலா' காவியத்தின் சந்தத்தை இரவல் வாங்கி, 1855ல் 'ஹையவாதாவின் பாடல்' என்ற நெடுங்கவிதையை வெளியிட்டார். சக்கைப்போடு போட்டது. ஆனால் ஹையவாதா ஒஜிப்வேயே இல்லை. இரோக்குவா கூட்டமைப்பை உருவாக்கியவர்களில் ஒருவராகச் சொல்லப்படுகிறவர் அவர். ஒரு காலத்தில் ஒஜிப்வேக்களோடு போரிட்ட மக்களின் தலைவருடைய பெயரை ஒஜிப்வேக்களின் தாத்தாவுக்குச் சூட்டிவிட்டார் கவிஞர். அடுத்த வருடமே, 1856ல், ஸ்கூல்கிராஃப்ட் தன் தொகுப்பை 'ஹையவாதாவின் தொன்மம்' என்று பெயர் மாற்றி மறுபடி வெளியிட்டு லாங்ஃபெல்லோவுக்கே சமர்ப்பணம் செய்தார். நகலைப் பார்த்து மூலம் தன் பெயரை மாற்றிக்கொண்டது!

கதை காப்பாற்றப்பட்டதா? பட்டது. லட்சக்கணக்கானவர்கள் படித்தார்கள், அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்தார்கள். அந்தக் கதைக்குரிய ஒஜிப்வே பிள்ளைகள் அப்புறம் எங்கே போனார்கள் என்பதுதான் அடுத்த விஷயம்.

ஒரு கை எழுத, ஒரு கை அழிக்க

அமெரிக்காவில் 1879ல் கார்லைல் பள்ளி தொடங்கியது. பழங்குடிப் பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்து, முடியை வெட்டி, பெயரை மாற்றி, தாய்மொழியைப் பேசினால் தண்டிக்கும் உண்டுறைப் பள்ளிகளுக்கு அதுதான் முன்மாதிரி. 1883ல் வந்த அரசு விதிகள் சடங்கு நடனங்களையும் மருத்துவர்களின் சடங்குகளையும் குற்றமாக்கின. கனடாவில் ஏறக்குறைய 1,50,000 பிள்ளைகள் இப்படிப்பட்ட பள்ளிகளுக்குள் போனார்கள். கடைசிப் பள்ளி மூடப்பட்டது 1990களில். அரசு மன்னிப்புக் கேட்டது 2008ல்.

இதே காலத்தில்தான் ஃபிரான்சிஸ் டென்ஸ்மோர் என்ற இசை ஆய்வாளர் ஃபோனோகிராஃப் கருவியோடு மினசோட்டாவின் ஒஜிப்வே பகுதிகளுக்குப் போய் மெழுகு உருளைகளில் பாடல்களைப் பதிவு செய்தார். 1910லும் 1913லும் இரண்டு தொகுதிகள் வந்தன. வெளியிட்டது அமெரிக்க இனவியல் பணியகம், அரசு நிறுவனம். பாட்டியின் பாட்டை அரசின் ஒரு துறை பத்திரப்படுத்துகிறது. அந்தப் பாட்டைக் கேட்டு வளர வேண்டிய பேத்தியின் வாயை இன்னொரு துறை அடைக்கிறது. இரண்டுக்கும் பட்ஜெட் ஒரே கஜானாவிலிருந்து.

"சரி, அது பழைய கதை. இப்போ யாரும் அப்படிப் பண்றதில்லையே" என்பார்கள். பள்ளிகள் போய்விட்டன, உண்மை. ஆனால் பதிவு செய்தால் போதும் என்ற மனநிலை அப்படியே இருக்கிறது. அந்த மனநிலைக்கு ஆதாரமாக ஓர் எண்ணம் உண்டு: இந்த மக்கள் எப்படியும் போய்விடுவார்கள், அவர்கள் சரக்கையாவது எடுத்து வைப்போம். டென்ஸ்மோர் காலத்து ஆய்வாளர்கள் இதை வெளிப்படையாகவே நம்பினார்கள். இன்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் 'கடைசிக் கதைசொல்லி', 'கடைசிக் குரல்' என்று தலைப்புப் போடும்போது அதைத்தான் சொல்கிறோம்.

ரிஸ்டோர் ஆகாத பேக்கப்

என் துறையில் ஒரு பழைய பாடம் இருக்கிறது. ரிஸ்டோர் செய்து பார்க்காத பேக்கப், பேக்கப்பே இல்லை. டேட்டாவை எத்தனை இடத்தில் நகலெடுத்து வைத்தாலும், அதைத் திரும்ப ஓட வைக்கும் சிஸ்டம் இல்லையென்றால் கையில் இருப்பது வெறும் எண்கள்.

வாய்மொழிக் கதையை எந்தச் சிஸ்டத்தில் ரிஸ்டோர் செய்வீர்கள்? அதற்கு ஒஜிப்வே மொழியில் கனவு காணும் ஒரு பிள்ளை வேண்டும். கதையில் வரும் பாறையையும் விரிகுடாவையும் கால் நடந்து பார்த்தவளாக இருக்க வேண்டும். போன குளிர்காலத்தில் இதே கதையைக் கேட்டவளாக இருந்தால், இந்த முறை தாத்தா எதை மாற்றிச் சொன்னார் என்று கண்டுபிடிப்பாள். அவள் இல்லாத இடத்தில் நூறு டெராபைட் ஒலிக்கோப்பு இருந்தாலும் அது மௌனம்தான்.

காட்டரிசியைப் பாருங்கள். ஒஜிப்வேயில் மனோமின். அட்லாண்டிக் கரையிலிருந்து மேற்கே நகர்ந்து, தண்ணீர்மேல் உணவு விளையும் இடத்துக்குப் போய்ச் சேரும்படி முன்னோருக்கு வாக்கு வந்தது என்பது அவர்களுடைய இடப்பெயர்வுக் கதை. அந்தக் கதை இன்றும் படகில் இருக்கிறது. ஒருவர் கழியால் படகைத் தள்ள, மற்றவர் கதிரை வளைத்து இரண்டு குச்சிகளால் மெல்லத் தட்டுகிறார். கொஞ்சம் மணி தண்ணீரில் விழும், அது அடுத்த வருட விதை. கரைக்குக் கொண்டுவந்து காயவைத்து, வறுத்து, மொக்காசின் போட்ட காலால் மிதித்து, பிர்ச் மரப்பட்டைத் தட்டில் புடைக்கிறார்கள். எவ்வளவு அழுத்தித் தட்ட வேண்டும் என்பது எந்தப் பதிவிலும் ஏறாது. பக்கத்தில் உட்கார்ந்தால்தான் வரும்.

அந்தச் செடி நீரில் சல்பேட் கூடினால் சாகும். காட்டரிசி விளையும் நீரில் லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் சல்பேட் கூடாது என்று மினசோட்டா 1973லேயே விதி போட்டது. சுரங்கங்கள் நிறைந்த அந்த மாநிலத்தில் விதி பல பத்தாண்டுகள் பெரும்பாலும் ஏட்டில்தான் கிடந்தது. 2018ல் வைட் எர்த் ஒஜிப்வேக்கள் மனோமினுக்கே சட்ட உரிமைகள் உண்டு என்று தங்கள் சட்டத்தில் எழுதினார்கள். என்னைக் கேட்டால் அதுதான் கதையைக் காப்பாற்றும் வேலை. ஏரி செத்த பிறகு இடப்பெயர்வுக் கதையை எச்டி தரத்தில் பதிவு செய்து என்ன பிரயோசனம்?

எல்லாருக்கும் திறந்துவிட்டால்

இதற்கு வரும் பதில் எனக்குத் தெரியும். "அறிவு எல்லாருக்கும் பொது. பூட்டி வைத்தால் அழியும், திறந்துவிட்டால் வாழும்." என் துறையில் இது ஏறக்குறைய மதம். மென்பொருளுக்கு நானும் அந்த மதம்தான். ஆனால் மென்பொருளை எழுதியவன் தானே திறந்துவிட்டான். அடுத்தவன் வீட்டுக் கதவை உடைத்துவிட்டு 'ஓப்பன் சோர்ஸ்' என்று சொல்ல முடியாது.

திறந்துவிட்டால் வாழும் என்பதற்கும் சோதனை நடந்து முடிந்துவிட்டது. விண்டிகோ என்ற பெயர் உங்களில் பலருக்குத் தெரியும். மார்வெல் காமிக்ஸில் வருகிறது, 'அண்டில் டான்' கேமில் துரத்துகிறது, ஹாலிவுட் அதற்கு மான்கொம்பு மாட்டிவிட்டது. ஒஜிப்வே, கிரீ மக்களின் கதைகளில் விண்டிகோ குளிர்காலப் பஞ்சத்தின் உருவம். தின்னத் தின்ன அதன் பசி கூடும், மனிதரையே தின்னும். பகிர்ந்து உண்ணாவிட்டால் நீயும் அதுவாகிவிடுவாய் என்று பிள்ளைகளுக்குச் சொல்லும் எச்சரிக்கை அது. ஒஜிப்வே எழுத்தாளர் பேசில் ஜான்ஸ்டன் 1995ல் வந்த 'த மேனிடூஸ்' நூலில், காட்டை விழுங்கியும் அடங்காத இன்றைய பெருநிறுவனங்களே விண்டிகோக்கள் என்று எழுதினார். இப்போது நிலைமையைப் பாருங்கள். பேராசையைக் கண்டிக்கும் கதையைப் பொழுதுபோக்கு நிறுவனங்கள் தின்று, கொம்போடு ஒரு பேயை நமக்கு விற்கின்றன. பெயர் உலகம் முழுக்கப் பிழைத்துக்கொண்டது. எச்சரிக்கை போய்விட்டது.

அடுத்த வாய் இயந்திரக் கற்றலுடையது. சிறிய மொழிகளின் ஒலிப்பதிவுகளை வாரி எடுத்து மாடல்களுக்கு ஊட்டுவதை மொழி சேவை என்கிறார்கள். கனடாவின் முதற்குடிகள் 1998லேயே தரவுக்கு நான்கு கொள்கைகளை வகுத்தார்கள்: எங்கள் தரவு எங்கள் உடைமை, கட்டுப்பாடு எங்களிடம், அதை அணுகும் உரிமை எங்களுக்கு, அது இருக்க வேண்டியதும் எங்கள் கைவசம். சேவை செய்ய வருகிறவர் முதலில் இந்த நான்கில் கையெழுத்துப் போடட்டும். அதற்கப்புறம் மாடலைப் பற்றிப் பேசலாம்.

பதிவுகள் எப்போது பேசின

எதிர்த்தரப்புக்கு நியாயம் செய்ய வேண்டும். பதிவுகளால் நன்மையே இல்லை என்று சொன்னால் அது பொய். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 1979ல் ஒரு திட்டம் தொடங்கி, பழைய மெழுகு உருளைகளின் நகல்களை உரிய சமூகங்களுக்குத் திருப்பிக் கொடுத்தது. ஃபாக்ஸ் பழங்குடியைச் சேர்ந்த வில்லியம் ஜோன்ஸ் ஒஜிப்வே கதைகளை ஒஜிப்வே மொழியிலேயே எழுதி எடுத்தவர். 1909ல் பிலிப்பீன்ஸில் ஆய்வுக்குப் போன இடத்தில் கொல்லப்பட்டார். அவர் விட்டுச்சென்ற தொகுதிகள் 1917லும் 1919லும் வெளிவந்தன. மொழி படிக்கிறவர்களுக்கு அவை பொக்கிஷம். மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ஒஜிப்வே மக்கள் அகராதியில் ஒரு சொல்லைத் தட்டினால் மூத்தவர்களின் குரலிலேயே கேட்கலாம்.

ஆனால் இவையெல்லாம் எப்போது பயன்பட்டன? திரும்பி வந்தபோது. கற்றுக்கொள்ள அங்கே ஆட்கள் இருந்தபோது. விஸ்கான்சினில் லாக் கூர்ட் ஒரேய் பகுதியில் 2001ல் வாடூகோடாடிங் என்ற பள்ளி தொடங்கியது. 'ஒருவருக்கொருவர் உதவும் இடம்' என்று பொருள். அங்கே கணக்கும் அறிவியலும் ஒஜிப்வே மொழியில் நடக்கின்றன. மேப்பிள் சாறு எடுப்பதும் காட்டரிசி அறுப்பதும் பாடத்திட்டத்தில் இருக்கின்றன. பழைய பதிவு ஒன்று அந்த வகுப்பறைக்குள் நுழையும்போதுதான் ரிஸ்டோர் ஆகிறது. அதனால்தான் சொல்கிறேன், ஆவணக்காப்பகத்துக்கு ஒதுக்கும் காசில் முதல் பங்கு அந்த வகுப்பறைக்குப் போக வேண்டும். மிஞ்சினால் சர்வர் வாங்கலாம்.

"அதுக்குள்ள பெரியவங்க சொல்லாமலே போயிட்டா?" போகட்டும். கடுமையாக இருக்கிறதா? ஒரு தாத்தா தன் கதையைத் தகுதியான காது கிடைக்காமல் தன்னோடு எடுத்துப் போக முடிவெடுத்தால் அது அவர் உரிமை. பேசில் ஜான்ஸ்டன் மாதிரி ஆங்கிலத்தில் எழுதி எல்லாருக்கும் கொடுப்பதும் அவர்கள் உரிமை. பனிக்காலத்துக்கு வெளியே சொல்லலாமா, கேமரா முன் சொல்லலாமா என்று அவர்களுக்குள்ளேயே விவாதம் உண்டு. அந்த விவாதத்தில் நமக்கு ஓட்டுரிமை இல்லை. எல்லாக் கதையும் என் காதுக்கு வந்தே ஆக வேண்டும் என்று நினைப்பதுதான் வாசகரின் விண்டிகோப் பசி.

நம் தலைமுறை இலக்கிய வாசகர்களுக்கு 'ஆவணப்படுத்தல்' மேல் பெரிய மோகம். கையில் ஹேண்ட்போன் இருக்கிறது, இடம் காலியாக இருக்கிறது, யாரோ ஒரு பாட்டி பேசுகிறார். பொத்தானை அழுத்தும் முன் அவரிடம் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது: "இதை யாருக்குச் சொல்ல ஆசைப்படுறீங்க, பாட்டி?" அவர் ஒரு பெயரைச் சொன்னால், ஹேண்ட்போனை உள்ளே வைத்துவிட்டு அந்த ஆளைத் தேடிக் கூட்டி வாருங்கள்.